வெண்பா எழுதப் பயிலுதல்

தமிழ் மரபுக் கவிதை எழுத விரும்புவோர் பெரும்பாலும் முதலில் பழகும் பாவகை வெண்பா. நால்வகைப் பாக்களுள் (வெண்பா, ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா) விதிகள் மிகக் கண்டிப்பானது இதுவே. புலவருக்கு வெண்பா ஒரு புலி என்று சொல்லும் வழக்கும் உண்டு. ஆயினும் அதன் விதிகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றை ஓரிரு நாளில் தெரிந்துகொள்ளலாம். காதுக்குப் பழக்குவதற்கே காலம் ஆகும்.

பள்ளித் தமிழ்ப் பாடத்தில் திருக்குறளை அலகிட்டு வாய்பாடு எழுதுவது வழக்கமான பயிற்சி. அதில் முழு மதிப்பெண் பெற்றவர்களும் சொந்தமாக இரண்டு அடி எழுத முனையும்போது திகைப்பதுண்டு. அலகிடுதல் முடிந்துபோன செய்யுளைப் பிரித்துப் பார்ப்பது. எழுதுதலோ, சொல்ல வந்த பொருளை விட்டுவிடாமல் ஓசைக்குப் பொருந்தும் சொல்லைத் தேடுவது. இந்தத் தேடலை எவ்வாறு பழகுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இங்குள்ள எடுத்துக்காட்டு வெண்பாக்கள் பயிற்சிக்காக இயற்றப்பட்டவை.

வரலாறு

யாப்பு பற்றிய பழைய விளக்கம் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் செய்யுளியலில் உள்ளது. பிற்காலத்தில் அமிதசாகரர் யாப்பருங்கலம், யாப்பருங்கலக்காரிகை என்னும் இரு நூல்களை இயற்றினார். இன்று வெண்பாவுக்குச் சொல்லப்படும் விதிகளும் தேமா, புளிமா முதலிய வாய்பாடுகளும் பெரும்பாலும் காரிகையின் வழியாகவே மாணவர்களை வந்தடைந்தன. காரிகை கற்றுக் கவி பாடுவதைவிட முரசு கொட்டிப் பிழைப்பது மேல் என்று பொருள்படும் பழமொழி ஒன்று உண்டு. அந்நூலைக் கற்பது எவ்வளவு கடினமாகக் கருதப்பட்டது என்பதை அது காட்டும்.

20ஆம் நூற்றாண்டில் புலவர் குழந்தையின் யாப்பதிகாரம், தொடையதிகாரம், அ. கி. பரந்தாமனாரின் கவிஞராக, கி. வா. ஜகந்நாதனின் கவி பாடலாம் ஆகியவை உரைநடையில் யாப்பைக் கற்பித்தன. இக்காலத்தில் செய்யுளை உள்ளிட்டால் அசை, சீர், தளைகளைப் பிரித்துக் காட்டும் அவலோகிதம் போன்ற மென்பொருளும் உண்டு.

இலக்கியத்தில் வெண்பாவின் பரப்பு பெரிது. திருக்குறளின் 1330 பாக்களும் குறள் வெண்பாக்கள். நாலடியாரின் 400 பாடல்கள், ஔவையாரின் மூதுரை, நல்வழி, புகழேந்தியின் நளவெண்பா, சிவப்பிரகாசரின் நன்னெறி ஆகியவை வெண்பாவால் ஆனவை. காளமேகப் புலவர் சிலேடை வெண்பாக்களுக்குப் பெயர் பெற்றவர்.

அசை: எழுத்தை அன்று, ஒலியை எண்ணுதல்

யாப்பின் அடிப்படை அலகு அசை. அது இரண்டு வகைப்படும்.

நேரசை: தனிக்குறில், தனிநெடில், அவற்றோடு ஒற்று சேர்ந்தவை. (கல், கா, கால்)

நிரையசை: இரு குறில், குறிலும் நெடிலும், அவற்றோடு ஒற்று சேர்ந்தவை. (கட, கடல், கடா, கடாம்)

புதிதாகப் பழகுவோர் மூன்று இடங்களில் தவறுவதுண்டு. முதலாவது, மெய்யெழுத்தைத் தனியாக எண்ணிவிடுதல். ஒற்று முன்னுள்ள அசையோடு அடங்கிவிடும். இரண்டாவது, சொல்லின் முதலில் வரும் குறிலைத் தனியே பிரித்துவிடுதல். ‘கடல்’ என்பது ‘க + டல்’ அன்று, ஒரே நிரையசை. குறிலுக்குப் பின் ஒற்று இல்லாமல் மற்றோர் உயிர்மெய் வந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். மூன்றாவது, ஐகாரம். சொல்லின் முதலில் அது நெடிலாக நிற்கும். இடையிலும் கடையிலும் குறுகி, குறிலாகக் கொள்ளப்படும்.

சீர்: ஊர்ப்பெயர்களால் ஒரு பயிற்சி

அசைகள் சேர்ந்து சீர் ஆகும். வெண்பாவில் ஈரசைச் சீர் நான்கும், நேரசையில் முடியும் மூவசைச் சீர் நான்கும் வரும். வாய்பாடுகளை மனப்பாடம் செய்வதற்குத் தெரிந்த ஊர்ப்பெயர்கள் உதவும்.

- தேமா (நேர் நேர்): சென்னை
- புளிமா (நிரை நேர்): மதுரை
- கூவிளம் (நேர் நிரை): காங்கயம்
- கருவிளம் (நிரை நிரை): சிதம்பரம்
- தேமாங்காய் (நேர் நேர் நேர்): யாழ்ப்பாணம்
- புளிமாங்காய் (நிரை நேர் நேர்): திருவாரூர்
- கூவிளங்காய் (நேர் நிரை நேர்): கும்பகோணம்
- கருவிளங்காய் (நிரை நிரை நேர்): விருதுநகர்

முதல் இரண்டும் மாச்சீர், அடுத்த இரண்டும் விளச்சீர், கடைசி நான்கும் காய்ச்சீர் எனப்படும். நிரையசையில் முடியும் மூவசைச் சீர் கனிச்சீர். அதற்கு வெண்பாவில் இடமில்லை. ‘மன்னார்குடி’, ‘தூத்துக்குடி’ இரண்டும் தேமாங்கனி. ஆகவே இவ்வூர்ப்பெயர்கள் ஒரே சீராக வெண்பாவில் வர இயலாது. ‘தூத்துக் குடியில்’ என்று தேமாவும் புளிமாவுமாக இரு சீராக்கினால் வரலாம்.

தளை: வெண்பாவின் உயிர்நிலை

ஒரு சீரின் கடைசி அசையும் அடுத்த சீரின் முதல் அசையும் பொருந்தும் முறை தளை. வெண்பாவில் வெண்டளை மட்டுமே வர வேண்டும். அதன் விதி மூன்று தொடர்களில் அடங்கும்.

- மாச்சீருக்குப் பின் நிரையசை
- விளச்சீருக்குப் பின் நேரசை
- காய்ச்சீருக்குப் பின் நேரசை

முதல் இரண்டும் இயற்சீர் வெண்டளை. மூன்றாவது வெண்சீர் வெண்டளை. ஈரசைச் சீர்களில் ஒரு சீர் எந்த அசையில் முடிகிறதோ அதற்கு மாறான அசையில் அடுத்த சீர் தொடங்குகிறது. மூவசைச் சீரில் மட்டும் நேருக்குப் பின் நேரே வருகிறது. வெண்பாவுக்குரிய செப்பலோசை இந்த அமைப்பிலிருந்து பிறக்கிறது.

மேற்கண்ட ஊர்ப்பெயர்களைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். ‘சென்னை மதுரை’ என்பது மாமுன் நிரை, வெண்டளை. ‘மதுரை சென்னை’ என்று மாற்றினால் மாமுன் நேர் வந்து ஆசிரியத்தளை ஆகிவிடும். ‘சிதம்பரம் சேலம்’ விளமுன் நேர், சரி. ‘யாழ்ப்பாணம் சென்னை’ காய்முன் நேர், சரி. ‘யாழ்ப்பாணம் மதுரை’ காய்முன் நிரை, அது கலித்தளை. சொற்கள் அவையேயாயினும் வரிசை மாறினால் தளை மாறும் என்பதே எழுதுபவர் நினைவில் கொள்ள வேண்டியது.

தளையை அடியின் எல்லையிலும் பார்க்க வேண்டும். முதலடியின் கடைசிச் சீரும் இரண்டாம் அடியின் முதற்சீரும் வெண்டளையால் இணைய வேண்டும். பயில்வோர் எழுதும் வெண்பாக்களில் தளை தட்டும் இடம் பல வேளைகளில் இதுவாகவே இருக்கும்.

அடியும் ஈற்றுச்சீரும்

வெண்பாவின் கடைசி அடி மூன்று சீர் கொண்டது. மற்ற அடிகள் நான்கு சீர் கொண்டவை. கடைசிச் சீர் பின்வரும் நான்கில் ஒன்றாக முடியும்.

- நாள் (நேர்): கண்
- மலர் (நிரை): தடம்
- காசு (நேரசையோடு உகரம்): பாட்டு
- பிறப்பு (நிரையசையோடு உகரம்): தழும்பு

அடிகளின் எண்ணிக்கையைக் கொண்டு வெண்பா வகைப்படும். இரண்டடி குறள் வெண்பா. மூன்றடி சிந்தியல் வெண்பா. நான்கடி அளவியல் வெண்பா. ஐந்து முதல் பன்னிரண்டு அடி வரை பஃறொடை வெண்பா. அதற்கு மேற்பட்டது கலிவெண்பா. நான்கடி வெண்பாவில் இரண்டாம் அடியின் நான்காம் சீர், முன்னுள்ள எதுகையோடு பொருந்தும் தனிச்சொல்லாக நின்றால் அது நேரிசை வெண்பா.

எதுகையும் மோனையும்

அடிகளின் முதற்சீர்களில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. அப்போது முதலெழுத்து அளவில் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ‘வற்றி’, ‘இற்ற’ எதுகை. ‘வற்றி’, ‘காற்று’ எதுகை ஆகா.

முதலெழுத்து ஒன்றுவது மோனை. ஓரடியில் முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் மோனை வருவது பொழிப்பு மோனை. வெண்பாவில் இது சிறப்பாகக் கருதப்படும். அதே எழுத்து வராவிட்டால் இன எழுத்து வரலாம்: சகரத்துக்குத் தகரம், ஞகரத்துக்கு நகரம், மகரத்துக்கு வகரம். தளை தவறினால் வெண்பா ஆகாது. மோனை குறைந்தால் ஓசை இனிமை குறையும், அவ்வளவே. இரண்டையும் காக்க முடியாத இடத்தில் எதை விடுவது என்ற கேள்விக்கு இந்த வேறுபாடே விடை.

ஒரு குறள் வெண்பா உருவாகும் விதம்

எழுத வேண்டிய பொருளை முதலில் உரைநடையில் வைத்துக்கொள்வது நல்லது. எடுத்துக்காட்டாக: வயல் கிணறு வற்றிவிட்டது, நீர் இறைத்த கயிறும் இற்றுப்போனது, ஆனால் கல்லில் கயிறு உராய்ந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. இதை அப்படியே அடியாக்கினால் இவ்வாறு அமையலாம்.

வற்றிய கிணற்றின் வாயோரக் கல்லில்
கயிறு உராய்ந்த தடம்

சீர் எண்ணிக்கை சரிபோலத் தோன்றும். அலகிட்டால் மூன்று குறைகள் தெரியும்.

முதலாவது, ‘வற்றிய’ கூவிளம். அதன்பின் நேர் வேண்டும். ‘கிணற்றின்’ நிரையில் தொடங்குகிறது. அடுத்து ‘கிணற்றின்’ புளிமா. அதன்பின் நிரை வேண்டும். ‘வாயோரக்’ நேரில் தொடங்குகிறது. ஆக முதலடியில் இரண்டு இடங்களில் தளை தட்டுகிறது.

இரண்டாவது, இரண்டாம் அடி எழுத்தில் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. வாயில் அப்படி வருவதில்லை. ‘கயிறு உராய்ந்த’ என்பது ‘கயிறுராய்ந்த’ என்று புணரும். அப்போது மூன்று சீர் இரண்டாகிவிடும். ‘கயிறுராய்ந்த’ கருவிளங்காய் ஆதலால், அதன்பின் நிரையில் தொடங்கும் ‘தடம்’ வருவதும் பிழை. குற்றியலுகரத்தின்பின் உயிர் வரும் இடங்களைப் புணர்த்துச் சொல்லிப் பார்க்காமல் அலகிட்டால் இவ்வகைப் பிழை கண்ணுக்குத் தப்பும்.

மூன்றாவது, எதுகை இல்லை.

திருத்தத்தை ‘வற்றிய’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். ‘வற்றிக்’ என்றால் தேமா. அடுத்து நிரையில் தொடங்கும் சொல் வேண்டும். ‘கிடக்கும்’ பொருந்துகிறது. ஓசைக்காகத் தேடிய இச்சொல் பொருளையும் கூட்டுகிறது. ‘வற்றிய’ என்பது நடந்ததை மட்டும் சொல்லும்; ‘வற்றிக் கிடக்கும்’ என்பதில் கவனிப்பாரற்ற நிலையும் தெரியும்.

இரண்டாம் அடிக்கு ‘வற்றி’யோடு எதுகை பெறும் சொற்களை எழுதிப் பார்க்கலாம்: பற்றி, சுற்றி, முற்றும், கொற்றம், இற்ற. கயிற்றுக்கு உரியது ‘இற்ற’. ‘உராய்ந்த தடம்’ என்ற விளக்கத்துக்குப் பதில் ‘தழும்பு’ என்ற ஒரு சொல் போதும்.

வற்றிக் கிடக்கும் கிணற்றின் கரைக்கல்லில்
இற்ற கயிற்றின் தழும்பு

இது பிழையற்ற குறள் வெண்பா. வாய்பாடு: தேமா, புளிமா, புளிமா, புளிமாங்காய், தேமா, புளிமா, பிறப்பு. முதலடியில் ‘கிடக்கும்’, ‘கிணற்றின்’ என இரண்டாம், மூன்றாம் சீர்களில் ஒலி ஒன்றுகிறது. ஆனால் பொழிப்பு மோனை இல்லை. அதையும் விரும்பினால் மூன்றாம் சீரை வகரத்தில் தொடங்கலாம்.

வற்றிக் கிடக்கும் வயற்கிணற்றுக் கல்லினில்
இற்ற கயிற்றின் தழும்பு

‘வயற்கிணற்று’ என்ற சொல்லால் இடமும் தெளிவாகிறது. கிணறு வற்றினால் வயல் என்னவாயிற்று என்ற கேள்வியும் எழுகிறது. ‘கல்லில்’ என்று போதுமான இடத்தில் ‘கல்லினில்’ என நீட்ட நேர்ந்தது இதன் விலை. ‘கல்லில்’ மாச்சீர், அதன்பின் ‘இற்ற’ வர இயலாது. இரண்டு வடிவங்களில் எது மேல் என்பதை இலக்கணம் முடிவு செய்யாது. பேச்சு நடைக்கு நெருக்கமானது முந்தியது. ஓசையும் செய்தியும் மிகுந்தது பிந்தியது.

குறளிலிருந்து நேரிசை வெண்பா

குறள் வெண்பாவோடு தனிச்சொல்லும் மேலும் இரண்டு அடிகளும் சேர்த்து நேரிசை வெண்பா ஆக்கலாம். இங்கே ஒரு தடை எதிர்ப்படும். ‘தழும்பு’ அடியின் இடையில் நின்றால் புளிமா. அதன்பின் நிரை வேண்டும். ஆனால் ‘வற்றி’, ‘இற்ற’ என்பவற்றோடு எதுகை பெறும் எந்தச் சொல்லும் நேரசையில்தான் தொடங்கும். இவ்விடத்தில் ‘தழும்பினை’ என்று அசை கூட்டினால் கருவிளம் ஆகி, பின்னே நேர் வரலாம். இவ்வாறு ஒட்டுவதற்காகச் சேர்க்கும் அசைக்கு ஆசு என்று பெயர். பொற்கொல்லர் நகையின் துண்டுகளை இணைக்க வைக்கும் பற்றாசு போன்றது இது.

வற்றிக் கிடக்கும் வயற்கிணற்றுக் கல்லினில்
இற்ற கயிற்றின் தழும்பினைச் – சற்றே
விரலால் தடவ விடியலில் கூடும்
குரலெல்லாம் கேட்கும் குளிர்ந்து

முதல் இரண்டு அடிகளும் தனிச்சொல்லும் ஓர் எதுகை. பின்னிரண்டு அடிகள் வேறோர் எதுகை. எனவே இது இருவிகற்ப நேரிசை வெண்பா. 1, 3, 4 ஆம் அடிகளில் பொழிப்பு மோனை உண்டு. இரண்டாம் அடியில் இல்லை. தனிச்சொல்லான ‘சற்றே’ பொருளுக்கு வேண்டியதாகவே நிற்கிறது. அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை, மெல்லத் தொட்டாலே போதும் என்கிறது. தனிச்சொல்லை நீக்கிப் படித்தும் பொருள் குறையாவிட்டால் அது இடம் நிரப்ப வந்த சொல் என்று கொள்ளலாம்.

தவிர்க்க வேண்டியவை

வகையுளி: சொல்லை நடுவே முறித்து அடுத்த சீரோடு ஒட்டுதல். ‘மாலை நேரம் வந்தால்’ என்பதில் தளை தட்டுகிறது. இதை ‘மாலைநே ரம்வந்தால்’ என்று பிரித்து எழுதினால் கூவிளமும் தேமாங்காயுமாகிக் கணக்கு சரியாகும். ஆனால் படிப்பவர் அப்படி மூச்சு விடுவதில்லை. ‘மாலை வரும்போது’ என்று சொல்லையே மாற்றிவிட்டால் முறிக்க வேண்டியதில்லை. பழைய நூல்களிலும் வகையுளி உண்டு. எனினும் பயில்வோர் அதைத் தவிர்ப்பது நல்லது.

அடைச்சொல்: ‘தான்’, ‘நல்ல’, ‘என்றும்’, ‘மிகவே’ போன்ற சொற்களால் சீரை நிரப்புதல். ஒரு சொல்லை நீக்கியும் பொருள் மாறவில்லை என்றால் அவ்விடத்துக்கு வேறு சொல் தேட வேண்டும்.

எதுகைக்காகப் பொருளை மாற்றுதல்: கிணற்றைப் பாடத் தொடங்கியவர் எதுகை கிடைத்ததற்காகக் ‘கொற்றவன்’ ஒருவனை உள்ளே கொண்டுவருவது இவ்வகை. எதுகைப் பட்டியலை எழுதிய பின், பொருளுக்கு உறவில்லாதவற்றை முதலில் அடித்துவிட வேண்டும்.

பழஞ்சொல் மோகம்: மரபுப் பாவகைக்குப் பழைய சொற்கள்தாம் தேவை என்ற எண்ணம் தவறானது. ‘பேருந்து’ தேமாங்காய்; ‘கணினி’ புளிமா. வெண்டளைக்குப் பொருந்தும் எந்தச் சொல்லும் வெண்பாவுக்கு உரியதே.

பயிற்சி முறை

1. கண்ணில் படும் பெயர்ப்பலகைகள், நண்பர்களின் பெயர்கள் ஆகியவற்றை அலகிட்டு வாய்பாடு சொல்லிப் பழகுதல். வாய்பாடு தயங்காமல் வரும்வரை இதைத் தொடரலாம்.

2. தளைச் சங்கிலி: ஒருவர் ஒரு சொல் சொல்ல, அடுத்தவர் வெண்டளையில் பொருந்தும் சொல் சொல்லுதல். பொருள் வேண்டியதில்லை. வகுப்பறையில் விளையாட்டாக நடத்தலாம்.

3. திருக்குறள், மூதுரை, நளவெண்பா ஆகியவற்றை நாள்தோறும் வாய்விட்டுப் படித்தல். பத்துப் பாடல்கள் மனப்பாடமானால், தளை தட்டும் இடத்தைக் கணக்கிடுமுன் காது சொல்லிவிடும்.

4. ஈற்றடியை முதலில் எழுதுதல். வெண்பாவின் வலிமை மூன்று சீர் கொண்ட கடைசி அடியில் உள்ளது. அதை முடித்துவிட்டு மேலடிகளுக்குச் செல்வது எளிது. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் பழைய வழக்கமும் இப்பயிற்சியே.

5. ஒரே கருத்தை மூன்று குறள் வெண்பாக்களாக எழுதி, ஒரு நாள் கழித்து வாய்விட்டுப் படித்துத் தேர்தல். குறள் வெண்பா கைவந்த பின் நேரிசைக்குச் செல்லலாம்.

மென்பொருளைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துவது நல்லது. அது தளை தட்டியதைக் காட்டும். ‘வற்றிய’ போய் ‘வற்றிக் கிடக்கும்’ வர வேண்டும் என்பதை எழுதுபவரே கண்டுபிடிக்க வேண்டும்.

வெண்பாப் பயிற்சியின் பயன்

வெண்பா பழகியவருக்கு ஆசிரியப்பா, கட்டளைக் கலித்துறை, விருத்தம் ஆகியவற்றின் அமைப்பு எளிதில் விளங்கும். குறிப்பாகக் கட்டளைக் கலித்துறையின் ஓரடிக்குள்ளும் வெண்டளையே பயில்கிறது. புதுக்கவிதை எழுத விரும்புவோருக்கும் இப்பயிற்சி வீண் போகாது. முதலில் தோன்றிய சொல்லோடு நின்றுவிடாமல், அதே பொருளுக்கு வேறு சொற்களை எடுத்து நிறுத்துப் பார்க்கும் பழக்கம் எந்த வகைக் கவிதைக்கும் தேவைப்படுவது. வெண்பாவின் விதிகள் ஒவ்வொரு சீரிலும் அந்தப் பழக்கத்தைக் கட்டாயமாக்குகின்றன.